முதல் கிட்டாரும் மூன்றாவது வாய்தாவும்

கடை வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்பதிலேயே மங்கையர்க்கரசிக்கு முதல் சிக்கல் வந்துவிட்டது. நகைக்கடை என்றால் வேண்டாம், பாத்திரக்கடை என்றால் வேண்டாம், பாய் விரித்த ஜவுளிக்கடை என்றால் கழற்றியே ஆக வேண்டும், வாத்தியக் கடைக்கு என்ன வழக்கம் என்று இந்த நாற்பத்தெட்டு வயது வரை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே ஒரு வீணை தெரிந்தது, வீணை இருக்கிற இடத்தில் சரஸ்வதி இருப்பாள், அவள் எதிரே செருப்புக் காலோடு போய் நின்றால் செத்துப்போன அப்பா எழுந்து வந்து திட்டுவார். ஆனால் வீணைக்குப் பக்கத்திலேயே ஒரு டிரம் செட்டும் இருந்தது, டிரம் செட்டுக்கு எந்தச் சாமி என்று அப்பாவுக்கே தெரிந்திருக்காது. வலது செருப்பைக் கழற்றிவிட்டு இடது செருப்போடு நின்று யோசித்தாள். யோசிக்க நேரமில்லை என்பதையும் சேர்த்தே யோசித்தாள். இருபத்திரண்டு வருஷமாகக் கோர்ட்டில் டைப்பிஸ்ட், இன்றைக்குச் சாட்சி விசாரணை எதுவும் இல்லை, வந்த கேஸ் எல்லாம் வாய்தா, அதனால் மேலதிகாரி சிரஸ்தார் வைத்தியலிங்கத்திடம் பல் வலி என்று சொல்லி ஒரு மணி நேரம் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். எந்தப் பல் என்று அவர் கேட்டார். கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கீழ் வரிசை, இடது கடைவாய் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு சின்ன டப்பாவிலிருந்து கிராம்பு ஒன்றை எடுத்துக் கொடுத்து, வைத்து அடக்கிக்கொள்ளுங்கள் அரசி, டாக்டர் பார்க்கும் வரைக்கும் தாங்கும் என்றார். நல்ல மனுஷன். நல்ல மனுஷனிடம் பொய் சொன்னதாலோ என்னவோ, ஆட்டோ பாலக்கரையைத் தாண்டும்போது அந்தப் பல் நிஜமாகவே லேசாக வலிக்க ஆரம்பித்தது, கிராம்பு இன்னும் வாயில்தான் இருக்கிறது.

இது மூன்றாவது தடவை. சித்திரையில் ஒரு தடவை தெப்பக்குளம் வரைக்கும் தைரியமாக வந்தாள், அங்கே தள்ளுவண்டியில் திராட்சையைப் பார்த்ததும் நாம் திராட்சை வாங்கத்தானே வந்தோம் என்று மனசு தானாகவே மாற்றிக்கொண்டது, அரைக் கிலோ வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். ஆனியில் இதே கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்தாள். கண்ணாடியில் அவளே தெரிந்தாள், தோளில் ஹேண்ட்பேக், கையில் டிபன் பை, கக்கத்தில் குடை. உள்ளே தொங்கிய கிட்டார் ஒன்று சரியாக அவள் கழுத்தில் மாட்டியதுபோல அந்த டிபன் பைக்கு மேலே தெரிந்தது. யாராவது பார்த்துவிட்டார்களோ என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்துப் பாத்திரக்கடைக்குள் புகுந்து ஒரு டீ வடிகட்டி வாங்கினாள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தன, ஊர் முழுக்க டீ வடிகட்டித் தரப்போகிறாயா என்று வீட்டுக்காரர் தனபால் கேட்டார். கோர்ட்டில் இதற்குப் பேர்தான் வாய்தா. கட்சிக்காரர் வரவில்லை, வாய்தா. வக்கீலுக்குக் காய்ச்சல், வாய்தா. கேஸ் என்னமோ நடந்துகொண்டிருக்கிற மாதிரியே இருக்கும், ஆனால் ஓர் அடி நகராது. மூன்றாவது வாய்தா கேட்டால் ஜட்ஜ் அய்யா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதுதான் கடைசி என்று எழுதச் சொல்வார், அவள் எழுதுவாள். இன்றைக்கு அதைத் தனக்கே எழுதிக்கொண்டு வந்திருந்தாள்: இன்று வாங்காவிட்டால் இந்தத் தெருவுக்கே இனி வருவதில்லை, கிட்டார் ஆசையைத் தள்ளுபடி செய்துவிடுவது. அவளைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். தள்ளுபடி என்றால் தள்ளுபடிதான், அப்பீல் கிடையாது. இடது செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

புது பீரோவைத் திறந்தால் வருமே அந்த வாசனை, மரமும் வார்னிஷும் கலந்து வந்தது. சுவர் முழுக்கக் கிட்டார்கள், கழுத்தில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், கறுப்பு, நீலம், நடுவில் மஞ்சளாக இருந்து ஓரத்துக்குப் போகப்போகக் கருகுகிற ஒரு நிறம், தோசை நிறம் என்று நினைத்தாள், நினைத்ததும் காலையில் அடுப்பை அணைத்தோமா என்று ஒரு பயம் வந்து போனது. அணைத்தாயிற்று. தனபால்தான் அணைத்தார். தந்தி மாட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் தலையைத் தூக்கினார், நாற்பது வயசு இருக்கும், சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் குத்தியிருந்தது, கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த லைசென்ஸில் ஞானராஜ் என்று பேர் போட்டிருந்தது. வாங்க மேடம், யாருக்குப் பார்க்கறீங்க என்றார். இந்தக் கேள்விக்குப் பதில் மூன்று மாதமாகத் தயாராக இருந்தது. எனக்குத்தான். அவ்வளவுதான் பதில். குளிக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறாள், வெண்டைக்காய் நறுக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறாள், கண்ணாடி முன்னால் நின்று அலட்சியமாகக்கூடச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். வாயைத் திறந்தாள், கிராம்பு ஒரு பக்கமாக நகர்ந்தது, தங்கச்சி பொண்ணுக்கு என்று வந்தது. மங்கையர்க்கரசிக்குத் தங்கச்சியே கிடையாது. இரண்டு அண்ணன்கள், அதோடு சரி. செத்துப்போன அப்பாவுக்கு நின்ற நிலையில் இன்னொரு பெண் பிறந்து, அவளுக்குக் கல்யாணமும் ஆகி, ஒரு மகளும் பிறந்தாயிற்று. அந்த மகளுக்கு என்ன வயசு என்று ஞானராஜ் கேட்டார். பதினொன்று என்றாள். பேர் கேட்டார். யாழினி என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கிட்டார் வாங்க வந்த இடத்தில் யாழினியாம், கொஞ்சமாவது நம்புகிற மாதிரி ஒரு பேர் வாயில் வரக்கூடாதா, பிரியா என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்.

பொய்ச் சாட்சியைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கிறவள் அவள். உண்மை சொல்கிறவன் தடுமாறுவான், மறந்துபோவான், ஞாபகமில்லை அய்யா என்பான். பொய் சொல்கிறவனுக்குத்தான் சம்பவத்தன்று எதிராளி போட்டிருந்த சட்டையின் நிறம்கூட ஞாபகமிருக்கும். முதல் விசாரணையில் ஜம்மென்று நிற்பான், குறுக்கு விசாரணையில் மூன்றாவது கேள்விக்குத் தண்ணீர் கேட்பான். கடைசியில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார், சாட்சி ஒவ்வொன்றையும் மறுப்பான், ஜட்ஜ் அய்யா சொல்லச் சொல்ல அவள் டைப் அடிப்பாள்: சம்பவ இடத்தில் நான் இல்லை என்றால் சரியல்ல, பணம் வாங்கிக்கொண்டு சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல. இந்த 'என்றால் சரியல்ல' ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அவள் விரலில் வந்து போகும், தூக்கத்தில்கூட விரல் அடிக்கும். எப்போதாவது, மாதத்துக்கு ஒருவன், தளர்ந்துபோய் ஒத்துக்கொள்வான். அப்போது 'என்றால் சரிதான்' என்று அடிக்க வேண்டும். அதை அடிக்கும்போது ஹாலில் ஃபேன் சத்தம் கேட்கும். ஒத்துக்கொண்டவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும், தோற்றுப்போனவன் முகம் மாதிரியே இருக்காது, அதை மட்டும் அவள் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்துவிடுவாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அவள் கெட்டிக்காரிகூட இல்லை, எட்டு நிமிஷமாவது தாங்குமா என்று சந்தேகமாக இருந்தது.

தாங்கவில்லை. ஞானராஜ் உள்ளே போய் ஒரு குட்டிக் கிட்டாரோடு வந்தார், பதினொரு வயசுக்கு முக்கால் சைஸ்தான் சரி என்று அவள் மடியில் வைத்தார். மடியில் அது தூங்குகிற பிள்ளை மாதிரி அழகாகத்தான் இருந்தது. ஆனால் கழுத்தைப் பிடித்துப் பார்த்தால் அவளுடைய விரல்கள் ஷேர் ஆட்டோவில் ஏறினவர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தன. அடக் கடவுளே, இல்லாத பிள்ளைக்கு வாங்கிய கிட்டாரை இருக்கிற நான் எப்படி வாசிப்பேன். சட்டென்று ஒரு வழி தோன்றியது. வளர்கிற பிள்ளைதானே, பெரிசாகவே வாங்கிவிட்டால் என்ன என்று கேட்டாள். மகள் தாரிணிக்கு யூனிஃபார்ம் அப்படித்தான் தைத்தாள், ஆறாம் வகுப்பில் தைத்தது எட்டாம் வகுப்பில்தான் பொருந்தியது, பொருந்துகிற நேரத்தில் கிழிந்தும் போயிருந்தது, இப்போது கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்துகொண்டு அந்த ஆறாம் வகுப்புப் போட்டோவைக் காட்டி அவள் இன்னமும் கேலி செய்கிறாள். ஞானராஜ் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். எல்லாரும் இப்படித்தான் கேட்கிறார்களாம், யூனிஃபார்ம் என்றால் மடித்துத் தைக்கலாம், கிட்டாரை மடிக்க முடியாதாம். கை எட்டாத கிட்டாரைப் பிள்ளை நாலு நாள் தூக்கிப் பார்க்கும், ஐந்தாம் நாள் அது பீரோ மேலே ஏறிவிடும், இந்த ஊரில் பீரோ மேலே இருக்கிற கிட்டாரை எல்லாம் இறக்கினால் அவர் இன்னொரு கடை போடலாம். "முதல் கிட்டார் தப்பாப் போச்சுன்னா ரெண்டாவது கிட்டாரே கிடையாது மேடம்" என்றார். அவள் குட்டிக் கிட்டாரை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

சரி, அந்தத் தோசை நிறம் எப்படி என்று கேட்டாள், யாழினிக்காக இல்லை, சும்மா தெரிந்துகொள்ள. விலை ஆறாயிரத்துக்குள்தான், அவள் நினைத்து வந்ததற்குள்தான். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. இதை மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தால் தனபால் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்ப்பார், பார்த்துவிட்டு என்ன சொல்வார், சிரிப்பார், ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார், ஐம்பதுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும், மறக்காமல் சொல்ல வேண்டும். ஞானராஜ் அதைக் கொடுத்து, பலகை பார்க்கிற ஆசாரி மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீளத்துக்குப் பார்க்கச் சொன்னார். தந்திகள் மரத்தை விட்டு எக்கச்சக்கமாகத் தூக்கி நின்றன, நடுவில் எலி ஓடும் போலிருந்தது. அழுத்திப் பார்த்தாள். கம்பி விரலை அறுத்தது. சுவரில் பளபளப்பதுதான் விரலைப் பதம் பார்க்கும், புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தந்தி மரத்தை ஒட்டித் தாழ்ந்திருக்க வேண்டும், நைலான் தந்தி என்றால் இன்னும் நல்லது, இந்த விலையில் மினுக்குக்குப் பணம் கொடுப்பதா விரலுக்குப் பணம் கொடுப்பதா என்று பார்க்க வேண்டும் என்றார். சொல்லிக்கொண்டே டிரம் செட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பழுப்பு நிறக் கிட்டாரை எடுத்தார். பளபளப்பு ஒன்றும் இல்லை, போட்டு வைத்து ஆறின டீ மாதிரி ஒரு நிறம். விலை இருநூறு ரூபாய்தான் கூட. அவள் மடியில் அது வந்து உட்கார்ந்தது, முழங்கைக்கு இடம் இருந்தது, விரல்களுக்கு இடம் இருந்தது, சுண்டுவிரலால் அழுத்தினாள், தந்தி சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கியது. சுண்டுவிரலில் நல்ல பலம் இருக்கிறதே என்று ஞானராஜ் ஆச்சரியப்பட்டார். இருக்காதா, யளனகபக, யளனகபக என்று டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் அந்தக் காலத்து மெஷினில் ஆறு மாதம், 'ய' முழுக்கச் சுண்டுவிரல் வேலை, மற்ற பெண்கள் எல்லாம் ஏமாற்றி மோதிர விரலால் அடிப்பார்கள், அவள் அடிக்க மாட்டாள். வலது கை என்ன செய்வது என்று தெரியாமல் கட்டைவிரலால் மேல் தந்தியைத் தட்டினாள்.

அந்தச் சத்தம். பொங்கல் விழாவில் கேட்ட அதே சத்தம், அதே மாதிரி நேராக வயிற்றுக்குள் போனது. கோர்ட்டில் பொங்கல் வைத்த அன்று ஒரு ஜூனியர் வக்கீல் வாசித்துவிட்டு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார், நாற்காலிகளை ஒதுக்கப்போன அவள் கை அதில் பட்டுவிட்டது, பட்டதும் எழுந்த சத்தம் அடங்கும் வரைக்கும் நாற்காலியைப் பிடித்தபடி நின்றாள். யாரும் பார்க்கவில்லை. அவளாக ஒரு சத்தம் போட்டு, அது அழகாக இருந்தது, வாழ்க்கையில் முதல் தடவை. ஏழாம் வகுப்பில் பாட்டு டீச்சர் அவளை வரிசையிலிருந்து கூப்பிட்டார், கோபமாகக்கூட இல்லை, அன்பாகத்தான், நீ வாயை மட்டும் அசைடா கண்ணு, சத்தம் வேண்டாம் என்றார். அன்றிலிருந்து அசைத்துக்கொண்டிருக்கிறாள். காலைப் பிரேயரில் அசைத்தாள், கல்லூரி விழாவில் அசைத்தாள், சொந்தக் கல்யாணத்தில் நலங்குப் பாட்டுக்கு அசைத்தாள், தாரிணியைத் தூங்க வைக்கும்போதுகூடப் பாடாமல் தட்டிக் கொடுத்தே தூங்க வைத்தாள், கோர்ட் விழாக்களில் முதல் வரிசையில் நின்று வாழ்த்துப் பாட்டுக்கு அவ்வளவு பாவத்தோடு வாயசைப்பாள், உங்களுக்கு என்ன பக்தி என்று சிரஸ்தார் ஒரு தடவை பாராட்டியிருக்கிறார். முப்பத்தாறு வருஷம் இந்தப் பொய் ஒருவருக்கும் தெரியாது, அதைவிடவா எட்டு நாள் புளுகு. ஆறின டீ நிறக் கிட்டாரின் சத்தம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. இது பெரியவங்களுக்கு மேடம், நம்ம பாப்பாவுக்குச் சரிப்படாது என்று ஞானராஜ் அதை அவள் மடியிலிருந்து பூப்போல எடுத்து டிரம் செட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். அவளுக்கு யாழினியின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. நேற்றுவரை இல்லாத பிள்ளை, வந்த பத்து நிமிஷத்தில் என் கிட்டாரைப் பிடுங்கிக்கொண்டாளே.

ஆகட்டும், சொல்லிவிடலாம் என்று கிராம்பை ஒதுக்கிக்கொண்டு தொண்டையைச் செருமினாள். அதற்குள் ஞானராஜே பேசினார். வயசை வைத்துத்தான் இவ்வளவு நேரம் சொன்னாராம், ஆனால் கையைப் பார்க்காமல் முதல் கிட்டார் அவர் யாருக்கும் கொடுப்பதில்லை, அது அவர் கடை வழக்கம். சுவரில் மாட்டியிருந்த ஒரு பலகையைக் காட்டினார். அலங்காரம் என்று அவள் நினைத்திருந்தது, உடைந்த கிட்டார் ஒன்றின் முதுகுப் பலகை; அது முழுக்கக் கைகள். விரித்து வைத்த கையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் பேரும் வயசும் எழுதியிருந்தது, ஒன்றன்மேல் ஒன்றாக நூறு கை இருக்கும், முக்கால்வாசி குட்டிக் கைகள், ஒன்பது, பன்னிரண்டு, பதினாலு, கல்லூரிக் கைகள் பத்தொன்பது, இருபத்தொன்று. "பாப்பாவை ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க மேடம், பத்து மணிக்குத் திறந்திருவேன். அதுவரைக்கும் எதையும் வாங்க வேண்டாம்" என்றார். அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது. ஞாயிற்றுக்கிழமை. அவராகவே கொடுக்கிறார், அவள் கேட்கவில்லை, கடைக்காரரே கொடுத்த வாய்தா. சரி தம்பி, கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள், கட்டாயம் வருகிறேன் என்றாள், யாழினிக்கு ரொம்ப ஆசை என்றாள், பொய்ச் சாட்சி தண்ணீர் கேட்காமலே கூண்டிலிருந்து இறங்கியதுபோல விறுவிறுவென்று வாசலுக்கு வந்துவிட்டாள்.

வலது செருப்பைப் போட்டாள். இடது செருப்பைத் தேடிக் கால் நீண்டது. ஞாயிற்றுக்கிழமை யாரைக் கூட்டிவருவது. பெரிய அண்ணன் பேத்தி ஆறு வயசு, அவள் கை ஆகாது, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டால் அவள் அம்மா ஏன் என்று கேட்பாள், ஞாயிற்றுக்கிழமை யாழினிக்குக் காய்ச்சல் என்று வேண்டுமானால் சொல்லலாம், அதற்கடுத்த ஞாயிறு பரீட்சை, அப்படியே கல்லூரிக்குப் போய்விடுவாள், வெளியூர் போய்விடுவாள், கல்யாணமாகிவிடும். கிட்டார் டிரம் செட்டுக்குப் பின்னால் இருக்கும். இல்லை, அதுவும் இருக்காது, அடுத்த வாரம் யாராவது ஒரு இருபத்தொன்று வந்து கையை வைத்துவிட்டு வாங்கிப் போய்விடும். பக்கத்துப் பாத்திரக்கடை வாசலில் டீ வடிகட்டிகள் கொத்தாகத் தொங்கின. நாலாவது வடிகட்டி என்று மனசு சொன்னது. அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தெருவில் தனியாக ஒற்றைச் செருப்போடு நின்று சிரிக்கிற பெண்ணைப் பழ வண்டிக்காரர் பார்த்தார், பார்க்கட்டும் என்று இருந்தது. முதல் வரிசையில் நின்று முப்பத்தாறு வருஷம் வாயசைத்தவளுக்கு ஒரு கையை வைக்க வராதா. இதுதான் கடைசி என்று எழுதியது யார், அவள்தானே, ஜட்ஜும் அவளே டைப்பிஸ்டும் அவளே. வலது செருப்பைக் கழற்ற மறந்து, ஒரு கால் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக, சட்டக் சட்டக் என்று சத்தம் கேட்க உள்ளே நடந்தாள். சரஸ்வதி மன்னித்துக்கொள்வாள்.

ஞானராஜ் நிமிர்ந்தார். மறந்து எதையாவது வைத்துவிட்டீர்களா மேடம் என்று கேட்டார். அவள் அந்தப் பலகையைச் சுவரிலிருந்து எடுக்கச் சொன்னாள், அவர் எடுத்து மேஜையில் வைத்தார், குட்டிக் கைகளுக்கு நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது, அங்கே தன் இடது கையை விரித்து வைத்தாள். வளையல் மரத்தில் பட்டுச் சத்தம் வந்தது. அவர் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுண்டுவிரலிலிருந்து கோடு போட ஆரம்பித்தார். பென்சில் கட்டைவிரலைச் சுற்றி வந்தபோது கிச்சுக்கிச்சு மூட்டியது. கடை முழுக்க ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பேர் என்ன எழுதட்டும் என்றார்.

"மங்கையர்க்கரசி. நாப்பத்தெட்டு. எனக்குத் தங்கச்சியே கிடையாது தம்பி."

அப்ப யாழினி என்று அவர் கேட்டார், அப்படி ஒருத்தியும் இல்லை என்றாள். அவள் காது சூடாகக் காத்திருந்தாள், சிரிக்கப்போகிறார், இதோ சிரிக்கப்போகிறார். அவர் சிரித்தார்தான், ஆனால் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்; இல்லாத பிள்ளைக்காக அரை மணி நேரம் முக்கால் சைஸைத் தேடித் துடைத்து எடுத்து வந்தேனே, முதலிலேயே சொல்லியிருந்தால் இந்நேரம் வாசிக்கவே ஆரம்பித்திருக்கலாமே என்றார். பலகையில் பேரை முழுசாக எழுத இடம் போதவில்லை, 'மங்கையர்' வரைக்கும் ஒரு வரியிலும் மிச்சத்தை ஒரு பதினாலு வயசுக் கைக்குள்ளும் எழுதினார். எழுதிவிட்டு டிரம் செட்டுக்குப் பின்னாலிருந்து ஆறின டீ நிறக் கிட்டாரைக் கொண்டுவந்தார். மேடம் என்று அழைத்துக்கொண்டிருந்தவர் அதை மடியில் வைக்கும்போது அக்கா என்றார். உங்கள் குரல் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம், ஒரு பாட்டுப் பாடுங்கள் என்றார். பாட வராது என்றாள், கரகரவென்று இருக்கும், சின்ன வயசிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றாள். இன்றைக்கு ஒத்துக்கொள்கிற நாள், இதையும் ஒத்துக்கொண்டுவிட்டாள். பாட்டு வேண்டாம், டாக்டரிடம் காட்டுகிற மாதிரி ஆ என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். பல் டாக்டரிடம் போகிறேன் என்று பெர்மிஷன் வாங்கினவள், கடைசியில் ஒருவர் முன்னால் ஆ என்றுதான் சொல்லப்போகிறாள். கிராம்பைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு ஆ என்றாள். முதலில் காற்றுதான் வந்தது, பழக்கதோஷம். இன்னொரு தடவை சத்தத்தோடு சொன்னாள். ஞானராஜ் ஒவ்வொரு தந்தியாகத் தட்டிக்கொண்டே வந்தார், மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து இன்னும் கீழே, திருகாணியை லேசாகத் திருப்பினார், ஓர் இடத்தில் அந்தத் தந்தியின் சத்தமும் அவள் சத்தமும் ஒன்றாகிவிட்டன, எது எது என்று தெரியவில்லை, மடியில் மரம் அதிர்ந்தது.

"இங்கதான் இருக்கீங்க. இது கட்டைக் குரல்க்கா, கெட்ட குரல் இல்ல. அவங்க சுருதியை மேல வெச்சிருப்பாங்க, உங்களுக்கு எட்டியிருக்காது."

கை எட்டாத கிட்டார் என்று அவர் முன்னால் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. பாட்டு டீச்சரை நினைத்துக்கொண்டாள், பாவம், அறுபது பிள்ளைகளுக்கு ஒரே ஹார்மோனியம். கோபம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது, இன்னொரு தடவை ஆ என்று சொல்லிப் பார்க்க ஆசையாக இருந்தது, சொன்னாள். உறை இலவசம் என்றார் ஞானராஜ், நகத்தை இடது கையில் வெட்டிவிட வேண்டும், ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும், முதல் மாதம் பீரோ பக்கமே கிட்டாரைக் கொண்டுபோகக் கூடாது என்றார். அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள்.

ஆட்டோவில் ஏறும்போதுதான் அது எவ்வளவு நீளம் என்று தெரிந்தது, உள்ளே அவள் பாதி, கிட்டார் பாதி. மணி பார்த்தாள், இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது. ஒரே மணி நேரத்தில் பல் பிடுங்கப் போனவள் கையில் இதைத் தூக்கிக்கொண்டு கோர்ட் வராந்தாவில் நடக்க வேண்டும், வக்கீல் குமாஸ்தாக்கள் பார்ப்பார்கள், அந்த ஜூனியர் வக்கீல் பார்ப்பார், வைத்தியலிங்கம் சார் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார். மகளுக்கு என்று சொல்லலாம். தாரிணியாவது நிஜமாக இருக்கிற பிள்ளை. இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே அலுப்பாக இருந்தது. டிரைவர் கண்ணாடியில் உறையைப் பார்த்தார். "கிட்டாராம்மா? புள்ளைக்கா?" என்றார்.

"எனக்குத்தாம்ப்பா."

வெண்டைக்காய் நறுக்கும்போது சொன்னதைவிடச் சுலபமாக வந்தது. டிரைவர் அதற்கு ஒன்றும் பெரிசாக நினைத்த மாதிரி தெரியவில்லை, அப்ப நல்லாப் பிடிச்சுக்குங்க, ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவா ஏத்துறேன் என்றார், சொன்னபடியே பாலக்கரையில் மெதுவாகத்தான் ஏற்றினார், அப்படியும் உறைக்குள் தந்திகள் ஒரு தடவை முனகின. அவளும் கூடவே, ஆட்டோ சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், பிறகு கேட்டால்தான் என்ன என்ற தைரியத்தில், அதே இடத்தில் ஆ என்றாள். கிராம்பு கரைந்து நாக்கெல்லாம் காரமாக இருந்தது, பல் வலி போன இடம் தெரியவில்லை. சிரஸ்தார் அறை வாசலில் என்ன சொல்ல வேண்டும் என்று விரல்கள் டிபன் பையின் மேல் தாமாகவே அடிக்க ஆரம்பித்துவிட்டன, சுண்டுவிரல் முதற்கொண்டு. எனக்குப் பல் வலி என்றால் சரியல்ல. கிட்டார் வாங்கப் போனேன் என்றால் சரிதான். அது எனக்குத்தான் என்றால் சரிதான். முதலிலிருந்து ஒரு தடவை படித்துப் பார்த்தாள், திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.